நடுச்சுவர்

கூப்பிட்டவர் ஐவார்.
அளவு சொன்னவர் ஊர்வே.
ஹாப்சாலுவில், ரயில் வராத ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில்
மஞ்சள் பூச்சு உரிந்த மரவீடு.

முறித்துக்கொள்வதாக இல்லை என்றார் ஊர்வே.
சமாதானமாவதாகவும் இல்லை என்றார் ஐவார்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறதாம்,
பத்து சென்டிமீட்டர் கனத்தில்.
அதைக் கட்டத்தான் நான்.

இருபத்தாறு வருடம்.
கடைசி வருடம் ஆலோசகரிடம் போயிருக்கிறார்கள்
செவ்வாய்தோறும், தாலினுக்கு, ஒரே பேருந்தில்,
ஒருவர் டிரைவருக்குப் பின்னால்,
ஒருவர் கடைசி வரிசையில்.
"நல்ல மனுஷிதான்" என்றார் ஊர்வே,
"போகிற வழிதான் நீளம். வருகிற வழி அதைவிட."
பிறகு ஆறு மாதம் ஐவார் படகுப் பட்டறையில் படுத்தார்.
முதுகு பிடித்துக்கொண்டு திரும்பினார்.
மனம் இறங்கவில்லையாம் ஊர்வேக்கு.
முதுகுக்காகத்தான் கதவைத் திறந்தாராம்.

முழக்கோலை விரித்தேன்.
நான் கோடு போட்ட இடத்தில்
நூறு வயதுக் கல்லடுப்பு குந்தியிருந்தது.
வாய் ஊர்வே பக்கம்,
முதுகு ஐவார் பக்கம்.
விறகு போடுவது ஒருவர்,
குளிர்காய்வது இருவர்.
அதை அறுக்கும் வாள் என்னிடம் இல்லை.

பேசினார்கள், என்னோடு.
"விறகு பிளப்பது அவர். எழுதிக்கொள்ளுங்கள்."
"மூட்டுவது அவள். ஆறு மணிக்குப் பிந்தக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள்."
காகிதம் இல்லை.
பைன் துண்டொன்றில் பென்சிலால் எழுதினேன்.
அவர்களுக்குள் இருக்கும் ஒரே பத்திரம் அதுதான்.
நினைவில்லாமல் அதையும்
சுவருக்குள் வைத்து அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சட்டகம் நின்றது,
பலகை இல்லாமல், வெறும் விலா எலும்பாய்.
இந்தப் பக்கம் சூப் கொதித்தது.
அந்தப் பக்கம் ஐவார் முட்டையை உரித்துக்கொண்டு
எதையோ தேடினார்.
ஊர்வே கட்டைகளின் இடைவெளியில்
உப்புக் குப்பியை நீட்டினார், முகம் பாராமல்.
நாற்காலிகளை எண்ணிப் பிரித்தவர்கள்,
கரண்டியை எண்ணிப் பிரித்தவர்கள்.
உப்பு ஒன்றுதான் இருந்தது.

அப்போதுதான் கேட்டேன்:
கதவு வைக்கவா?

என் தொழிலில் அது அளவுக் கேள்வி.
சட்டகத்தை விட்டுத் தைக்க வேண்டும்,
கீல் வாங்க வேண்டும்.
ஐவார் வெளியே போய் ஒரு சிகரெட் முழுவதும் புகைத்தார்.
ஊர்வே கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

நான் முறித்துக்கொண்டவன்.
பைடேயில், நோட்டரி மேசையில், பன்னிரண்டு நிமிடம்.
தப்பென்று சொல்ல மாட்டேன்.
சில வீடுகளில் உத்தரமே உளுத்திருக்கும்,
ஆணி அடித்தால் தலையில் விழும்.
அங்கே ஓடுவதுதான் தச்சு.
எங்கள் வீடு அப்படியா என்று
இன்றுவரை தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கதவு வைக்கவா என்று
எங்களை யாரும் கேட்கவில்லை.
நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

"வையுங்கள்" என்றார் ஐவார் வாசலிலிருந்து.
தாழ்ப்பாள்?
"என் பக்கம்."
இரண்டு வாயும் ஒரே நேரத்தில்.
முதலில் யார் சிரித்தது தெரியவில்லை.
நானாகவும் இருக்கலாம்.

இரண்டு தாழ்ப்பாள் வைத்தேன்.
ஒன்றுக்குத்தான் கூலி வாங்கினேன்.

மார்ச்சில், பனி உருகும் ஈரத்தில், போன் வந்தது.
"கதவு அடியில் பிடிக்கிறது. இழைத்துத் தர வேண்டும்."

திறக்காத கதவு பிடிப்பது
யாருக்கும் தெரியாது.

எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன்.
"ஈரம் வந்ததிலிருந்து" என்றார் ஊர்வே.
பின்னால், தூரத்தில், ஒரு இருமல்,
சுவருக்கு எந்தப் பக்கமென்று
போனில் பிடிபடவில்லை.

இழைப்புளியைத் தீட்டிக்கொண்டு புறப்பட்டேன்.